கணவன் அமெரிக்காவில்

மார்லிஸ் என்ற அந்த அமெரிக்கப் பெண்ணுக்கு எழுபத்திரண்டு வயது. தங்கள் குடும்பத்தின் முதல் மனிதரான ஊலேயின் பூர்வீகத்தைத் தேடி ஒஸ்லோவுக்கு வந்திருந்தாள். 1849இல் நோர்வேயிலிருந்து கப்பலேறி, அமெரிக்காவின் விஸ்கான்சின் காட்டை வெட்டித் திருத்தி, மரக்குற்றிகளால் வீடு கட்டியவர் ஊலே. அங்கே அவர் பெயரில் ஒரு தெருவே இருக்கிறதாம். ஆளில்லாத தனிக்கட்டையாக வந்து ஓர் ஊரையே உண்டாக்கினார் என்பது அவர்கள் வீட்டில் வழிவழியாகச் சொல்லப்பட்ட கதை.

அவர் தனிக்கட்டை இல்லை என்பதைச் சத்தியபாமா இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிட்டாள்.

ஆவணக் காப்பகத்தில் அவளுக்குப் பத்தொன்பது வருட வேலை. பழைய பாதிரிமாரின் கோணல் எழுத்தை வாசிக்க நோர்வேஜியர்களே அவளிடம்தான் வருவார்கள். திருமணப் பதிவேட்டில் ஊலே இருந்தார். பக்கத்தில் மனைவி மாரித். 1847இல் பிறந்த பெண் குழந்தை, றாக்னில்ட். 1865ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கில் மாரித்தின் பெயருக்கு நேரே, ‘மணமானவள், கணவன் அமெரிக்காவில்’ என்றிருந்தது. அந்த வருடம் ஊலேக்கு அங்கே இன்னொரு மனைவியும் நான்கு பிள்ளைகளும். மாரித் 1899இல் செத்தபோதும் பாதிரி அவளை மணமானவள் என்றே எழுதியிருந்தார்.

மாலையில் நகரின் புருசெத் பகுதியில் இருந்த தன் வீட்டுக்கு வந்து கணவன் பாலேந்திரனிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

“அந்த மனிசிக்கு ஏன் இதையெல்லாம் சொல்லவேணும்? சந்தோசமாத் திரும்பிப் போகட்டுமன்,” என்றான் அவன்.

“நீங்கள் வெளிக்கிட்டு வந்தாப் பிறகு நாலு வருசம் நான் ஊரிலை தனிய இருந்தனான். உங்கடை கடிதம் வராத மாசங்களிலை சனம் என்னவெல்லாம் கதைச்சது தெரியுமோ? மாரித் அம்பது வருசம் அப்பிடி இருந்தவ. அவவை என்னாலை மறைக்கேலாது.”

பாலேந்திரன் எழுந்துபோய் அவளுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தான்.

மறுநாள் விஷயத்தைக் கேட்ட மார்லிஸ் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “அந்தக் குழந்தை பிழைத்ததா?”

பிழைத்தது. அதன் வழியில் வந்தவர் ஒஸ்லோவிலேயே, ஹொல்ம்லியா பகுதியில் இருந்தார். ஓட்வார் என்ற ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர், வயது எண்பது. சத்தியபாமா தொலைபேசியில் அழைத்து மார்லிஸ் வந்திருப்பதைச் சொன்னாள். வியாழன் பதினொரு மணிக்கு வரட்டும், நீங்களும் கூட வாருங்கள் என்றார்.

கோப்பியும் வாஃபலும் வைத்திருந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை. தங்கள் குடும்பத்தில் எந்த ஆண் பிள்ளைக்கும் ஊலே என்று பெயர் வைத்ததில்லை என்றார். தபால் வரும் நாளில் மாரித் வயலுக்குப் போகமாட்டாளாம். சத்தியபாமா அதை ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னாள்.

மார்லிஸ் ஊலேக்காக வாதாடவில்லை. வெட்டிய மரம் மேலே விழுந்து நாற்பத்தாறு வயதில் அவர் போனதை மட்டும் சொன்னாள். பிறகு பையிலிருந்து ஒரு பிரதியை எடுத்து நீட்டினாள். ஊலே தன் வேதாகமத்தில் கைப்பட எழுதிய பிள்ளைகளின் பெயர்கள். அமெரிக்காவில் பிறந்த மூத்த மகளின் பெயரும் றாக்னில்ட்.

“உங்கள் பூட்டியை அவர் மறக்கவில்லை,” என்றாள்.

சத்தியபாமாவுக்கு வேறொன்று தெரியும். ஊலேயின் தாய் பெயரும் றாக்னில்ட்தான். மூத்த மகளுக்குத் தகப்பனின் தாய் பெயரை வைப்பது அந்தக் காலத்து வழக்கம். இரண்டு தடவையும் அவர் வழக்கத்தை மட்டுமே செய்திருக்கலாம். நிமிர்ந்தாள். ஓட்வாரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் தெரியும்.

அவர் அந்தப் பெயரின்மேல் விரலை வைத்து மெல்ல இழுத்தார். மார்லிஸின் கோப்பையை நிரப்பினார்.

“மறந்திருக்க மாட்டார்,” என்றார். சத்தியபாமா ஒரு சொல்லும் கூட்டாமல் அதை மொழிபெயர்த்தாள்.

மாரித்தின் கல்லறை இப்போது இல்லை, அங்கத்தைய வழக்கப்படி அந்தக் குழியில் பிறகு வேறு ஆட்களைப் புதைத்துவிட்டார்கள். ஆனால் வீடு இருந்த இடத்தைக் காட்டலாம் என்றார் ஓட்வார். மார்லிஸ் பயணச்சீட்டை மாற்றிக்கொண்டாள். சனிக்கிழமை மூவரும் போய்வந்தார்கள்.

இரண்டு மாதம் கழித்து மார்லிஸிடமிருந்து கடிதம் வந்தது. குடும்பக் கூட்டத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம். ஒன்றுவிட்ட சகோதரர்கள் இருவர் அவளோடு பேசுவதில்லை. கூடத்தில் மாட்டியிருக்கும் வம்சப் படத்தில் ஊலேக்குப் பக்கத்தில் மாரித்தையும் கீழே அவள் மகளையும் தன் கையாலேயே எழுதிச் சேர்த்ததாகவும், இடம் போதாமல் எழுத்து கொஞ்சம் நெருக்கமாகிவிட்டதாகவும் எழுதியிருந்தாள்.