பதினாறாம் நாள்

அம்மாவின் சிறுநீரில் நனைத்த பரிசோதனைப் பட்டை கரும் ஊதாவாக மாறியது. ஸ்மைலின் அதை எறிந்துவிட்டு இன்னொன்றை நனைத்தாள். அதுவும் அப்படியே. கொழுப்பு எரியும்போது வரும் கீட்டோன் மிக அதிகம். அம்மாவுக்குச் சர்க்கரை நோய் கிடையாது. அப்படியானால் பட்டினிதான்.

ஸ்மைலினுக்குத் தக்கலையில் ஒரு பரிசோதனைக்கூடத்தில் வேலை. காலை பஸ்ஸைப் பிடித்தால் வீடு திரும்ப இருட்டிவிடும். பகலில் அம்மா என்ன சாப்பிடுகிறாள் என்று அவள் பார்த்ததில்லை. ராத்திரி கேட்டால், தின்னாச்சு என்பாள். நேற்று ஆராதனை முடிந்து சபைப் படியில் அம்மா கால் மடங்கி விழுந்தபோதுதான் சந்தேகம் வந்தது; இன்று காலை சிறுநீரைக் கூடத்துக்குக் கொண்டுவந்திருந்தாள்.

அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டு நேராகச் சபைக்குப் போனாள். அண்ணன் எபிசன் வளைகுடாவில் ஜெயிலில் இருக்கிறான். அவனுக்காக இருபத்தொரு நாள் சங்கிலி உபவாசம். நாளுக்கு ஒரு வீடு என்று முறைவைத்துச் சாப்பிடாமல் ஜெபிப்பார்கள். நடுவில் ஒரு நாளும் விடுபடக் கூடாது. பலகையில் பட்டியல் தொங்கியது. முதல் நான்கு நாளும் நான்கு பெயர்கள். ஐந்தாம் நாளிலிருந்து எல்லாப் பெயரையும் அடித்து, ஞானபாய், ஞானபாய் என்று அம்மாவின் கையெழுத்து. இன்று பதினாறாம் நாள்.

"பன்னெண்டு நாளா ஒண்ணும் திங்கலியா?" என்று வீட்டில் கேட்டாள்.

"கட்டன் சாயா குடிக்கேன்லா" என்றாள் ஞானபாய். "ஒருத்திக்குக் கல்யாண வீடு, ஒருத்திக்குச் சுகரு. நான் என்னட்டி செய்ய? சங்கிலிய அறுத்து விடவா?" பிறகு சிரித்தாள். "இந்தத் தடிச்ச ஒடம்புல கொழுப்பு கொறஞ்சா நல்லதுதானே மக்ளே."

கொழுப்பு எரியும்தான். ஆனால் மூளைக்குக் கொஞ்சமாவது சர்க்கரை வேண்டும். ஈரலில் சேர்த்து வைத்தது ஒரு நாளைக்கே போதாது. அப்புறம் உடம்பு தன் தசையையே உடைத்து ஈரலுக்கு அனுப்பும். ஈரல் அதைச் சர்க்கரையாக்கும். நாளாக ஆக மூளை கீட்டோனுக்குப் பழகும், தசை கரைவதும் குறையும். குறையுமே தவிர நிற்காது.

"ஒன் தொடைச் சதையத்தாம்மா ஒடம்பு திங்குது. இதயமும் சதைதான்."

"திங்கட்டு. அவன் அங்க என்னத்தத் திங்கானோ."

ஸ்மைலின் திரும்பவும் சபைக்கு நடந்தாள். மிச்சமிருந்த ஐந்து நாளிலும் அம்மாவின் பெயரை அடித்துத் தன் பெயரை எழுதினாள். இன்றைய கட்டத்திலும் எழுதினாள். காலையிலும் அவள் சாப்பிடவில்லை; மத்தியானத்துக்குக் கொண்டுபோன சோறு இன்னும் பையில்தான் இருந்தது.

பெருக்கிக்கொண்டிருந்த பெர்லின் அக்கா நிமிர்ந்தாள். "ஏட்டி, சபையில வாயத் தெறக்காதவ நீ. ஜெபிப்பியா?"

"சாப்பிட மாட்டேன்" என்றாள்.

வீட்டுக்கு வந்து கஞ்சித் தண்ணீரை அரை டம்ளர் மட்டும் ஊற்றினாள். நாள்கணக்கில் காய்ந்த உடம்புக்கு ஒரேயடியாகக் கொடுத்தாலும் ஆபத்து.

"ஒரு வாய் குடி. இப்பமே ஆஸ்பத்திரிக்குப் போவோம். சங்கிலி அறாது. நான் எழுதிட்டேன்."

ஞானபாய் மகளின் குச்சிக் கைகளைப் பார்த்தாள்.

"ஒன் ஒடம்புல எரிய என்ன மக்ளே இருக்கு?"

"அஞ்சு நாளைக்கு இருக்கும்."

 அம்மா அழுதுகொண்டே வாயைத் திறந்தாள்.