வெள்ளை உடுத்த ஞாயிறு

தேவாலயத்தின் பங்கு மண்டபத்தைக் கூட்டித் துடைக்கிற முறை அந்தச் சனிக்கிழமை மேரிகிறேசுக்கும் சின்னமணி அக்காவுக்கும் வந்திருந்தது. சின்னமணி அக்கா சைவக்காரி. டென்மார்க்கின் ஹேர்னிங் நகரில் பிள்ளையாருக்கு இன்னும் ஓர் இடம் அமையவில்லை. "அவர் வந்து சேருமட்டும் மாதாவோட சமாளிப்பம்" என்று சொல்லி, மேரிகிறேசோடு கோயிலுக்கு வந்துபோவார். முட்டுக்கால் போடத் தெரியாவிட்டாலும் விளக்குமாறு பிடிக்கத் தெரியும், மாதா கோபிக்கமாட்டா என்பது அவருடைய கட்சி.

மண்டபத்தில் நீட்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டு, அதன்மேல் என்னென்னவோ பரப்பியிருந்தார்கள். வெர்னிஸ் அடுத்த சனிக்கிழமை வைக்கப்போகும் கண்காட்சிக்கான சாமான்கள். வெர்னிஸ், டேன்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டு அமெரிக்காவிலிருந்து வந்த கறுப்பினப் பெண். மாலை வகுப்பில் ஆங்கிலம் படிப்பிப்பார். மாதத்தில் ஒரு ஞாயிறு பங்குப் பாடகர் குழுவுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பார். அந்தக் குழுவில் மேரிகிறேசும் ஒருத்தி. ஊரில் தன் தாய் போய்வந்த தேவாலயத்தின் பெண்களைப் பற்றித்தான் கண்காட்சி என்று வெர்னிஸ் ஒருமுறை சொல்லியிருந்தார். அதற்குமேல் மேரிகிறேஸ் கேட்கவில்லை.

தூசு தட்டப்போன சின்னமணி அக்கா ஒரு பெரிய படத்தின் முன்னால் நின்றுவிட்டார். மரத்தாலான தேவாலயம் ஒன்றின் படிகளில் வரிசை வரிசையாகப் பெண்கள். தொப்பி வெள்ளை, சட்டை வெள்ளை, கையுறை வெள்ளை, காலுறையும் வெள்ளை. கிழவிகளும் இருந்தார்கள், கலியாணம் முடித்து வருடம் திரும்பாதவள்போல ஒருத்தியும் இருந்தாள். மருந்துக்கும் ஓர் ஆண்பிள்ளை இல்லை.

"இவ்வளவு பேரும் தாலியறுத்தவளுகளோகா?" என்றார் சின்னமணி அக்கா.

மேரிகிறேஸ் படத்துக்குப் பக்கத்தில் கிடந்த மட்டை விசிறிகளில் ஒன்றை எடுத்தாள். ஒரு பக்கம் நல்ல மேய்ப்பன். மறுபக்கம் ஆங்கில எழுத்து. அவள் கன்னியர்மடப் பள்ளிக்கூடத்தில் படித்தவள், ஆங்கிலம் கூட்டி வாசிப்பாள்.

"செத்தவீடு நடத்துற கம்பனிட விசிறியக்கா. ஃபோன் நம்பரும் கிடக்கு."

வேறென்ன சாட்சி வேண்டும்? இருவரும் மட்டக்களப்பிலிருந்து வந்தவர்கள். தொண்ணூறாம் ஆண்டுக்குப் பிறகு அங்கிருந்து வருகிற படங்களில் பெண்கள் இப்படித்தான் கூட்டமாக வெள்ளையில் நின்றார்கள். அமெரிக்காவிலும் ஆம்பிளையளை ஆமி பிடித்துக்கொண்டு போகுமா என்று சின்னமணி அக்கா கேட்டார். எல்லா இடத்திலும் போகும் என்றாள் மேரிகிறேஸ். இவ்வளவு துக்கத்தை வைத்துக்கொண்டா வெர்னிஸ் மனுசி நமக்குப் பாட்டுச் சொல்லித் தந்தா என்று நினைத்தாள்.

ஞாயிறு பூசை முடிந்ததும் இரண்டு பேரும் சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் கறியும் கட்டிக்கொண்டு வெர்னிசின் வீட்டுக்குப் போனார்கள். செத்தவீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது, அயலவர்தானே கொடுக்கவேண்டும். அந்தச் சாவு எந்த வருடத்துச் சாவு என்று அவர்கள் யோசிக்கவில்லை. கதவைத் திறந்த வெர்னிசின் இரண்டு கையையும் மேரிகிறேஸ் பிடித்துக்கொண்டாள். சின்னமணி அக்கா சோபாவில் அமர்ந்து, முந்தானையை வாயில் வைத்து, மெல்லிய குரலில் ஒப்பாரியே தொடங்கிவிட்டார். வெர்னிசுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கோப்பி போட்டு வந்தார். அவர்கள் தொடவில்லை. சற்று நேரத்தில் எழுந்து, ஒரு சொல்லும் சொல்லாமல் வெளியே நடந்தார்கள். துக்க வீட்டில் "போயிட்டு வாறம்" என்று சொல்லக்கூடாது.

அதுதான் வெர்னிசைப் பயப்படுத்தியது. வீட்டுச் செருப்போடு படியில் ஓடிவந்து, நான் ஏதும் பிழையாகச் செய்துவிட்டேனா என்று கேட்டார். பாதி டேனிஷ், பாதி ஆங்கிலத்தில் மேரிகிறேஸ் விளங்கப்படுத்தினாள். வெள்ளை உடுப்பு, விசிறி, செத்துப்போன ஆண்கள்.

வெர்னிஸ் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். முதலில் அழுகிறார் என்றே நினைத்தார்கள். சிரிக்கிறார்! கண்ணீர் வரச் சிரித்தார். அவர்களுடைய ஊரில் வருடத்தில் ஒரு ஞாயிறு பெண்களின் ஞாயிறாம். அன்றைக்கு எல்லாரும் வெள்ளை உடுத்துவார்களாம். பிரசங்கம் பெண், காணிக்கை எடுப்பது பெண், வாசலில் நின்று வரவேற்பது பெண். அப்போது கோயில்களில் குளிரூட்டி கிடையாது. விளம்பரத்துக்காகச் செத்தவீட்டுக் கம்பனிகள் விசிறி அச்சடித்துக் கொடுக்குமாம்.

"அப்ப ஆம்பிளையள்?" சின்னமணி அக்கா இன்னும் நம்பவில்லை.

மேரிகிறேஸ் கேட்டுச் சொன்னாள். "எல்லாரும் உயிரோடதான் இருந்தவங்களாம் அக்கா. அண்டைக்கு மட்டும் வாய மூடிக்கொண்டு பின்னுக்கு இருப்பாங்களாம்."

"அது செத்ததுக்குச் சரிதான்" என்றார் சின்னமணி அக்கா. அவலை நினைத்து உரலை இடித்த வெட்கமெல்லாம் அந்தச் சிரிப்போடு போயிற்று. திரும்ப உள்ளே போய், கொண்டுவந்த சோற்றைத் தாங்களும் சேர்ந்து சாப்பிட்டார்கள்.

சாப்பிடும்போது வெர்னிஸ் சொன்னார். தெருப் போடுவதற்காக அந்தத் தேவாலயத்தை இடித்துவிட்டார்கள். போதகர்களின் பெயர் வெட்டிய கல்லை மட்டும் பத்திரமாகத் தூக்கி வைத்திருக்கிறார்கள். பெண்களின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. தாயின் பெட்டியில் கிடந்ததுதான் மிச்சம். அதனால்தான் போகிற இடமெல்லாம் பெண்களிடம் கேட்டுக் கேட்டு ஒலிப்பதிவு செய்கிறார். பிறகு மேரிகிறேசைப் பார்த்து, "உங்கள் ஊர்க் கோயிலில் பெண்கள் என்ன செய்தீர்கள்?" என்றார்.

"என்ன செய்த? காத்துக்கொண்டிருந்த" என்று மேரிகிறேஸ் தமிழில் சொன்னாள். சொன்னதும், கூடக் காத்திருந்த யோகமலரின் நினைவு வந்தது.

எண்பத்தேழாம் ஆண்டு முதல், டென்மார்க்கிலிருந்த தமிழர்களின் மனைவி பிள்ளைகளைக் கூப்பிடும் விண்ணப்பங்களை அமைச்சில் அசையாமல் வைத்திருந்தார்கள். அந்த மாதம்தான் அதைப்பற்றிய விசாரணை அறிக்கை வெளியாகி, அரசாங்கமே கவிழ்ந்திருந்தது. பேப்பர் முழுக்க ஒரே சொல். டேனிஷ் வகுப்புக்குப் போகத் தொடங்கியிருந்த சின்னமணி அக்கா அதை எழுத்தெழுத்தாகக் கூட்டி, "தமிழ் சாகன் எண்டு போட்டிருக்கு, சாகச் சொல்லுறானுகளோ?" என்று கேட்டார். 'சாகன்' என்றால் வழக்கு. அந்த வழக்கில் மந்திரி வந்தார், அதிகாரிகள் வந்தார்கள், கோப்புகள் வந்தன. மட்டக்களப்பில் அந்தோனியார் கோயில் விறாந்தையில் தேங்காய் துருவிக்கொண்டு காத்திருந்த பெண்கள் ஒரு வரியிலும் வரவில்லை. மேரிகிறேஸ் சொல்லாவிட்டால் இனி வரவும் மாட்டார்கள்.

வெர்னிசின் ஒலிப்பதிவில் தானும் பேச நினைப்பதை வீட்டில் கணவன் பீற்றரிடம் சொன்னாள். அவன் தளபாடத் தொழிற்சாலையில் இயந்திரங்களுக்கு எண்ணெய் போடுகிறவன், பொல்லாதவன் அல்ல.

"விசர்க் கதை கதையாத. இப்பதான் எங்கட பேர் ஊரெல்லாம் அடிபடுது. ஃபெக்டரியில ஒருத்தன் கேக்கிறான், உங்களாலதானே அரசாங்கம் போச்செண்டு. விசா நிரந்தரமாகுமட்டும் வாயத் திறக்காம இரு. சும்மா கிடந்த சங்க ஊதிக் கெடுக்காத."

அவன் பயம் அவளுக்கு விளங்கியது. அதே பயம் அவளிடமும் உண்டு. ஆனாலும் அந்தக் கிழமை முழுவதும் தையல் இயந்திரத்தின் முன்னால் இருந்தபோது யோகமலரைத்தான் நினைத்தாள். சனிக்கிழமை, உதவிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். பொய்யில்லை, மேசை மடிக்க உதவத்தான் செய்தாள்.

கண்காட்சி பார்க்க வந்தவர்கள் போனபிறகு, பாட்டுப் பழகுகிற சிறிய அறையில் வெர்னிஸ் ரேப் றெக்கோடரை வைத்தார். "தமிழிலேயே சொல். எனக்கு விளங்காவிட்டால் பரவாயில்லை. விளங்குகிறவர்கள் வருவார்கள்."

மேரிகிறேஸ் தொடங்கினாள். தொடக்கத்தில் குரல் பேப்பர் வாசிப்பதுபோல விறைப்பாக இருந்தது. பிறகு தன்பாட்டில் இளகியது. வியாழக்கிழமைகளில் கூடியதைச் சொன்னாள். குளிர் என்று புருசன்மார் எழுதியதால், போர்வையை வெட்டிப் பிள்ளைகளுக்குக் கோட்டுத் தைத்து, மட்டக்களப்பு வெயிலில் போட்டுப் பார்த்துச் சிரித்ததைச் சொன்னாள். யோகமலர், தன் புருசன் குணசேகரம் தமிழ் எழுத்தில் எழுதி அனுப்பிய டேனிஷ் இலக்கங்களை மன்றாட்டு மாலையின் ராகத்தில் எல்லாருக்கும் பாடமாக்கியதைச் சொன்னாள். பாடியும் காட்டினாள். வெர்னிஸ் தலையாட்டித் தாளம் போட்டார்.

"ரெண்டாம் வருசம் ஊருக்க ஒரு கதை வந்திச்சு" என்றாள் மேரிகிறேஸ். "கோப்பு மேசையில கிடக்கெண்டு புருசன்மார் எழுதுற பொய்யாம். அங்க வெள்ளக்காரியளோட குடும்பம் நடத்துறாங்களாம். நாங்க எல்லாரும் நம்பிட்டம். நான் பீற்றருக்கு மூணு மாசம் பதில் போடேல்ல. யோகமலர் மட்டும் நம்பேல்ல. 'இத்தின ஆம்பிளையளும் ஒரே பொய்யச் சொல்ல ஏலாதுகா, அவங்களுக்கு அவ்வளவு ஒத்துமை இல்ல' எண்டு சிரிச்சவள். அடுத்த மாசம் சந்தையில குண்டு வெடிச்சு..."

நிமிர்ந்தாள். கதவடியில் பீற்றர் நின்றான். ஏற்றிப்போக வந்தவன். தொப்பியில் பனி. எவ்வளவு நேரம் நின்றானோ தெரியாது.

"நீ என்னை நம்பேல்லயா?" என்றான்.

"இல்ல" என்றாள். "இந்த மாசம் பேப்பர் வருமட்டும் முழுசா நம்பேல்ல."

வெர்னிஸ் இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நிறுத்துவதற்குக் கையைக் கொண்டுபோனார். மேரிகிறேஸ் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். நாடா ஓடிக்கொண்டேயிருந்தது. பீற்றருக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. அவனுக்கு அழுகை வந்தது, அதை அவன் மறைக்கவும் இல்லை.

"குணசேகரத்துக்கு இது தெரியுமா?" என்று கேட்டான்.

"ஆர் சொன்ன? செத்தவீட்டுக்கும் அவர் வரேலாமப் போச்சு. தான் எழுதினத அவளும் பொய்யெண்டு நினைச்சிட்டுத்தான் செத்தாளெண்டு மனசில வைச்சுக்கொண்டு, கிரின்ஸ்டெட் டவுனில ஒருத்தரோடயும் கதையாம இருக்கார்" என்றாள் மேரிகிறேஸ்.

பீற்றர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அவளுக்கு எதிரில் அமர்ந்தான்.

"யோகமலர் சொன்னத திரும்பச் சொல்லு. அவள் சொன்ன மாதிரியே சொல்லு. பேரையும் சொல்லு. உன்ர பேரையும் சொல்லு."

மேரிகிறேஸ் தொண்டையைச் செருமினாள். நகக்கண்ணில் எண்ணெய்க் கறுப்புப் படிந்த விரல்களால் பீற்றர் அந்தச் சின்ன மைக்கை மேசைமேல் அவள் பக்கமாகக் கொஞ்சம் தள்ளி வைத்தான்.