எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு வரி

...பூட்டியாயிற்று, பூட்டியாயிற்று, அதில் சந்தேகமே வேண்டாம், சாவி கால்சட்டைப் பையில் தொடையை உறுத்திக்கொண்டிருக்கிறது, பூட்டாமல் சாவி எப்படிப் பைக்கு வரும், அடுப்பும் அணைத்தாயிற்று, இஸ்திரிப் பெட்டியை இன்று தொடவே இல்லை, ஆனாலும் எதையோ விட்டுவிட்டு வந்திருக்கிறோம், வீட்டிலா, ஆபீஸிலா... "டைட்டா இருக்கா சார்?" என்று கேட்டபடி முடிதிருத்துபவர் கழுத்தைச் சுற்றித் துணியைக் கட்டினார், இல்லை என்றான், இறுக்கமாகத்தான் இருந்தது, ஆனால் அதைச் சொல்லி, அவிழ்த்து, மறுபடி கட்டவைப்பானேன். கைகள் இரண்டும் துணிக்கு அடியில் போய்விட்டன, போனும் அங்கேதான் கிடந்தது, எதிரே பெரிய கண்ணாடி, அதில் முதுகுப்பக்கச் சுவரின் கடிகாரம் இடம்வலம் மாறித் தெரிந்தது, இரண்டேகால் என்று காட்டியதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால் ஒன்பதே முக்கால். பத்து மணிக்கு ஆபீஸில் பொத்தானை அமுக்கிப் புது நிரலை ஓடவிட்டுவிடுவார்கள். இவ்வளவு பெரிய நாளில் அவன் இங்கே தலையைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் கேப்டன்.

கேப்டன் என்பது அணித் தலைவிக்கு அவர்கள் வைத்த பெயர், அவனைவிட வயதில் சின்னவள், ஆனால் ஒரு காரியத்தைத் தொடங்கினால் திரும்பிப் பார்க்காதவள். "நாளைக்கு நீங்க பதினோரு மணிக்கு வந்தா போதும் சார், போய் முடி வெட்டிக்கோங்க, காடு மாதிரி கிடக்கு, ஒரு தடவையாவது நீங்க பக்கத்துல இல்லாம இது நடக்கட்டும்" என்றாள் நேற்று, சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள், அவனும் சிரித்தான், வேறென்ன செய்ய. அவனுக்கு அவர்கள் வைத்த பெயர் 'ஒரு நிமிஷம்'. ஒவ்வொரு முறையும் கடைசி நேரத்தில் கையைத் தூக்கி, ஒரு நிமிஷம், இன்னொரு தடவை பார்த்துடறேன் என்பான், அந்த நிமிஷம் அரை நாளாகும், கடைசியில் ஒன்றும் இருக்காது. போன முறை திரையில் தமிழ்ப் பேர்களெல்லாம் கேள்விக்குறியாக மாறிவிடும் என்று பயந்து எல்லோரையும் நிறுத்திவைத்தான், 'அ' என்ற ஓர் எழுத்துக்குக் கணினியில் மூன்று பைட், நடுவில் எங்கேயாவது வெட்டுப்பட்டால் எழுத்தே செத்துவிடும் என்று பலகையில் படம் வேறு போட்டு விளக்கினான், ஒரு எழுத்தும் சாகவில்லை, மதியச் சாப்பாடுதான் ஆறிப்போனது. புலி வருது புலி வருது என்று கத்துகிறவனுக்கு ஒரு கணக்கு உண்டு, அது தீர்ந்துபோனது அவனுக்கே தெரியும். "இன்னொரு பொய்ப் புலி வந்துச்சுன்னா உங்களை வேற டீமுக்கு அனுப்பிடுவேன் சார்" என்றும் கேப்டன் சொல்லியிருந்தாள், அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

வீட்டிலும் இதே பேச்சுதான். அவன் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், எதையும் ஒருமுறை போட்டால் விடை வந்துவிடும் அவளுக்கு. ஒருமுறை ஊருக்குக் கிளம்பும்போது மாடிப்படி இறங்கிய பிறகு திரும்ப ஏறிப்போய், பூட்டு சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்கச் சாவியைப் போட்டுத் திறந்து பார்த்தான், நன்றாகத் திறந்தது, திருப்தி, அந்த நேரம் பார்த்து வண்டிக்காரன் போன் செய்தான், இறங்கி வந்துவிட்டான். மூன்று நாள் வீடு திறந்து கிடந்தது. ஒன்றும் களவு போகவில்லை, போயிருந்தால்கூட மறந்திருப்பாள், போகாததால்தான் இன்றுவரை சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். "ஏங்க, நீங்க செக் பண்ணாம இருந்தாலே போதும், எல்லாம் பத்திரமா இருக்கும்." சொந்தக்காரர்கள் முன்னால் சொல்வாள், அதுதான் அவனுக்கு எரியும்.

"மெஷினா, கத்தரியா சார்?" கத்தரி என்றான். இன்று அங்கே நடக்கப்போவது ஒன்றும் மலையைப் புரட்டுகிற வேலை இல்லை. ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருக்கும் இயந்திரம் முடிவுகளை எழுத்தாக அனுப்பும், அது எழுத்தாகவா வந்து சேர்கிறது, இல்லை, பைட் பைட்டாக, குழாயில் தண்ணீர் வருவதுபோல் வருகிறது, அதைப் படித்து, எந்த நோயாளி, எந்த அளவு என்று பிரித்து, வார்டில் நர்ஸின் திரையில் போடவேண்டும், அந்தப் படிக்கிற பகுதி அவனுடையது. இயந்திரத்தை ஆபீஸுக்குத் தூக்கிவர முடியாது, அதனால் ஒரு வாக்கியத்தைத் தானே எழுதி, அதையே பைட்களாக்கி, இயந்திரம் அனுப்புவதுபோல் குழாயில் விடுவான், நிரலுக்கு வித்தியாசம் தெரியாது. அந்தப் பொய் நோயாளிக்கு அவன் மாமனாரின் வயதையும் சர்க்கரை அளவையும் கொடுத்திருந்தான், அவர்தான் ஞாயிறுதோறும் போனில், மாப்பிள்ளை, இந்த வாரம் எவ்வளவு தெரியுமா, என்று ஒப்பிப்பார், மனப்பாடமாக இருந்த அளவு அது ஒன்றுதான். நேற்று மாலை சோதனைகளெல்லாம் சரி என்று பச்சை காட்டி முடிந்த பிறகு, வந்ததை அப்படியே லாக் என்கிற பதிவேட்டில் அச்சடிக்கும் ஒரு வரியைச் சேர்த்தான், எதற்கும் இருக்கட்டும் என்று. மாமனாரைக் குழாயில் விட்டான், பதிவில் வயதோடு சர்க்கரையோடு முழுசாக வந்து நின்றார், கேப்டனும் எட்டிப் பார்த்து, லாக் வரிதானே, சேத்துடுங்க என்றாள், நிம்மதியாக வீட்டுக்குப் போனான்.

முடிதிருத்துபவர் தண்ணீர் தெளிக்கும் பாட்டிலை எடுத்துக் கண்ணாடிப் பக்கம் ஒருமுறை அமுக்கிப் பார்த்தார், இன்னொருமுறை அமுக்கினார், மெல்லிய சாரல் வந்து அடங்கியது. பிறகு அவன் தலைக்கு மேல் கொண்டுவந்து அமுக்கினார், புஸ் புஸ் என்று காற்றுதான் வந்தது. "இருக்கான்னு பாத்தேன் சார், இருந்ததும் போச்சு" என்று சிரித்துவிட்டு நிரப்பப் போனார், உள்ளே குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. இருந்ததும் போச்சு... குழாயில் வருவதை ஒருமுறைதான் படிக்கலாம், படித்தால் தீர்ந்தது, அடுத்து வருகிறவனுக்குக் காலி. முதலில் நகல் எடுத்துவைத்துக்கொண்டு, பிறகு அச்சடிக்கவேண்டும், பச்சைக் குழந்தைக்கும் தெரியும், அவனே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறான், நேற்று எடுத்தானா? அந்த வரியை அடிக்கும்போது மனைவி போன் செய்தாள், வரும்போது பாத்ரூமுக்கு பல்பு வாங்கிட்டு வாங்க, ஒன்பது வாட்ஸா பன்னிரண்டு வாட்ஸா என்று கேட்டான், கேட்டது நினைவிருக்கிறது, பல்பின் அட்டைப்பெட்டி நினைவிருக்கிறது, நகல் நினைவில் இல்லை. பதிவைப் பார்த்தானே தவிர வார்டுத் திரையை யார் பார்த்தார்கள், யாரும் பார்க்கவில்லை. பதிவில் மாமனார் வந்ததே அந்த வரி அவரை விழுங்கியதால்தானோ, வேலியே பயிரை மேய்ந்துவிட்டதோ, அப்படியானால் திரைக்கு என்ன போயிருக்கும்? ஒன்றும் போயிருக்காது. ஒன்றும் வராவிட்டால் சத்தம் போடாதே, சும்மா இரு, நர்ஸ்களைத் தொந்தரவு செய்யாதே என்று நிரலுக்குச் சொல்லிவைத்தவனும் அவன்தான்.

இன்றிலிருந்து காகிதம் கிடையாது. இதுவரை பரிசோதனைக் கூடத்திலிருந்து ஒருவர் காகிதத்தை எடுத்துக்கொண்டு வார்டுக்கு நடப்பார், இனி திரை மட்டும்தான். திரை காலியாக இருந்தால் நர்ஸ் என்ன நினைப்பாள், இன்னும் முடிவு வரவில்லை போல, வரும் என்று காத்திருப்பாள், கட்டிலில் யாரோ ஒருவர், மாமனார் வயசுக்காரர், உடம்பில் பொட்டாசியம் ஏறிக்கொண்டே போகும், வெளியில் பார்த்தால் தெரியாதாம், பேசிக்கொண்டே இருப்பாராம், சட்டென்று நெஞ்சு நின்றுவிடுமாம்... இப்போதே கூப்பிடலாம், குழாய்ச் சத்தம் இன்னும் நிற்கவில்லை, துணிக்கு அடியில் கட்டைவிரல் போனைத் தேடிப் பிடித்தது, பிடித்தபடியே நின்றது. கூப்பிட்டு என்ன சொல்ல, ஒரு நிமிஷம் என்றா? போனை ஸ்பீக்கரில் போட்டு எல்லோரும் கேட்கும்படி வைப்பாள், சலூன்ல இருந்தே புலி வந்துடுச்சு என்பார்கள், பார்த்தால் நகல் ஒழுங்காக எடுத்திருக்கும், அவன் கை தூக்கத்திலும் நகல் எடுக்கிற கை. எடுத்திருப்போம். எடுக்காமல் இருப்போமா? முடிதிருத்துபவர் திரும்பி வந்துவிட்டார், தலையில் குளிர்ந்த தண்ணீர் விழுந்தது, கத்தரி இடதுபக்கம் ஓடத் தொடங்கியது.

கண்ணாடியில் முள் நகர்ந்தது, இரண்டு தாண்டி ஒன்றே முக்கால் என்றால்... பத்தேகால். அமுக்கியிருப்பார்கள். அமுக்கியாயிற்று, இனி சொல்லி என்ன என்று ஒரு குரல் உள்ளே சொன்னது, எத்தனை சமத்தான குரல், கால்மணி நேரத்துக்கு முன்னால் அதே குரல்தான் இன்னும் நேரம் இருக்கிறது என்றது. காது பின்னால் கத்தி வந்து உட்கார்ந்தது. "ஆடாதீங்க சார்." ஆடவில்லையே என்று சொல்ல வாயெடுத்தான், முழங்கால் துணிக்கு அடியில் தானாக ஆடிக்கொண்டிருந்தது. "கொஞ்சம் நிறுத்துங்க, ஒரு போன் பண்ணிக்கிறேன்" என்றான். "பாதியிலயா சார்?" பாதியில்தான், என்ன செய்ய.

கேப்டன் உடனே எடுத்தாள், பின்னால் கைதட்டலும் சிரிப்பும் கேட்டன. "சொல்லுங்க சார், முடி வெட்டியாச்சா? இங்க எல்லாம் சூப்பரா போய்ட்டிருக்கு, லாக்ல வரிசையா வருது பாருங்க, ஒண்ணு விடாம." அதுதான், அதுதான் பயமே, பதிவில் இவ்வளவு அழகாக வருகிறதென்றால்... "கேப்டன், லாக்கைப் பாக்காதீங்க" என்றான். "பின்ன எதை சார் பாக்கறது?" "வார்டு ஸ்கிரீனை. நான் நேத்து போட்ட வரி இருக்குல்ல, அதுவே எல்லாத்தையும் படிச்சு முடிச்சிருக்கலாம், அந்தப் பக்கம் எதுவும் போயிருக்காது, எனக்கு நிச்சயமாத் தெரியல, ஆனா..." சிரிப்பு வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தான். சிரிப்பு வரவில்லை. விசைப்பலகை தட்டும் சத்தம் வந்தது, நின்றது. பின்னால் சிரித்துக்கொண்டிருந்தவர்களை அவள் ஏதோ சொல்லி அடக்குவது கேட்டது. பிறகு, "வார்டுக்குப் போன் போட்டுக் கேக்கறேன், லைன்லயே இருங்க" என்றாள், "ஒரு நிமிஷம்."

அவள் வாயிலிருந்து அந்த வார்த்தையை இதுவரை கேட்டதே இல்லை. போனைக் காதில் வைத்தபடி உட்கார்ந்திருந்தான், கண்ணாடியில் ஒரு பக்கம் வெட்டிய தலை, மறுபக்கம் காடு, முடிதிருத்துபவர் சீப்பைத் தட்டிக்கொண்டு கூரையைப் பார்த்தார், தூரத்தில் யாரோ ஒரு நர்ஸ் போனை எடுக்கக் கை துடைத்துக்கொண்டு வந்திருப்பாள். திரை நிறைந்திருக்கவேண்டும், எல்லா முடிவும் போய்ச் சேர்ந்திருக்கவேண்டும், நகல் எடுத்திருக்கவேண்டும், கடவுளே, என்று வேண்டிக்கொண்டான், உதடு அதைத்தான் சொன்னது. அடியில் இன்னொன்று ஓடிக்கொண்டிருந்தது, முதலில் அவனுக்கு அது கேட்கவில்லை, பிறகு கேட்டது... காலியாக இருக்கட்டும், இந்த ஒரு தடவை காலியாக இருக்கட்டும். தப்பு செய்தவன் என்று பேர் வாங்கினால்கூடச் சமாளித்துக்கொள்ளலாம், அவர்கள் மறுபடியும் சிரிக்கமட்டும் கூடாது. இதையா, இதையா நாம் வேண்டிக்கொண்டிருக்கிறோம், அங்கே கட்டிலில் ஒருவர் கிடக்கும்போது... இல்லை என்று தலையை ஆட்டினான். "தலையை நிமுத்துங்க சார், கண்ணாடியைப் பாருங்க" என்றார் முடிதிருத்துபவர். அவன் மடியில் விழுந்து கிடந்த முடியையே பார்த்துக்கொண்டிருந்தான், போனில் இன்னும் யாரும் பேசவில்லை.