தூரிகைகளுக்கு ஓர் உறை

பிப்ரவரி பதினொன்றாம் தேதி காலை, பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள மருந்துக்கடையின் பெயர்ப்பலகையில் மூன்றாவது எழுத்தை எழுதிக்கொண்டிருந்தபோது ஓவியருக்குப் பக்கவாதத்தில் வலது கையும் காலும் விழுந்துவிட்டன. மீதி எழுத்துகளை வேறொருவர் எழுதி முடித்தார்.

கால் சீக்கிரமே தேறியது. பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. முன்பைவிடக் காரமாகவே வந்தது. கை மட்டும் அடுத்தவர் பொருளைப்போல மடியில் கிடந்தது. ஆறு மாதம் போகட்டும், பார்க்கலாம் என்றார் மருத்துவர். போனது. கடைசி முறை அவர் அதைக்கூடச் சொல்லாமல் மாத்திரையை மட்டும் எழுதிக் கொடுத்தார். வீடு வரும்வரை கணவனும் மனைவியும் அதைப் பற்றிப் பேசவில்லை.

அவள் பைகள் தைப்பவள். எந்தப் பொருளுக்கு உறை கேட்டாலும், அதை எடுப்பவர் கை எந்தப் பக்கமிருந்து வரும் என்று யோசித்த பிறகுதான் கத்தரியைத் தொடுவாள். அவருடைய தூரிகைகள் மட்டும் இத்தனை வருடமும் பிஸ்கட் டப்பாவில் கிடந்தன. இப்போது அவற்றுக்கு, சுருட்டி வைக்கும் உறை ஒன்றைக் கித்தான் துணியில் அவருக்குத் தெரியாமல் தைத்தாள். காம்புகள் இடது கைக்கு வரும்படி, தூரிகை செருகும் பைகளைச் சாய்த்தாள். இழுக்கும்போது துணியும் சேர்ந்து வராதிருக்க அடி விளிம்பில் தூண்டில் ஈயக்குண்டுகளை வைத்து மூடினாள். கயிறு கட்ட இரண்டு கை வேண்டும். அதனால் காந்தப் பொத்தான். தன் வலது கையைத் துப்பட்டாவால் முதுகோடு கட்டிக்கொண்டு திறந்தாள், எடுத்தாள், சுருட்டினாள். பொத்தான் தானாகப் போய் ஒட்டிக்கொண்டதும் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

அவர் அதை மேசைமேல் விரித்துப் பார்த்தார்.

"கயிறு எங்க?"

"காந்தம் வச்சிருக்கேன். கிட்ட கொண்டுபோனாலே ஒட்டிக்கும்."

ஒரு தூரிகையை உருவினார். துணி அசையவில்லை. விளிம்பை அமுக்கினார். "உள்ள என்ன?"

"ஈயம். துணி கூடவே வராம இருக்க."

"பையெல்லாம் இந்தப் பக்கம் சாஞ்சிருக்கு."

அவள் மேசைமேல் ஒட்டியிருந்த நூல் துண்டைப் பொறுக்கினாள்.

"டாக்டரே வாயத் திறக்கல. நீ தச்சே குடுத்துட்ட."

"இடது கையில எழுதிப் பழகலாமேன்னுதாங்க."

"பழகலாம். கோழி கிண்டின மாதிரி வரும். கோழிக்கடைக்காரன் வேணா பலகை எழுதச் சொல்லுவான்." தூரிகையைத் திரும்பச் செருகினார். "பிரிச்சிட்டு வலப்பக்கமா தை. கயிறு வை."

முடியாது என்றால், மருத்துவர் சொல்லாமல் விட்டதைத் தான் சொன்னதாகிவிடும். அவள் உறையை எடுத்துக்கொண்டு போய்ப் பிரிக்க உட்கார்ந்தாள். தடித்த துணி, நூலை உருவிய பிறகும் ஊசித் துளைகள் மூடவில்லை.

மறுநாள் மாலை, அவர் சொன்னபடியே தைத்துக் கொடுத்தாள். ஈயமும் இல்லை. அவர் இடது கையால் தூரிகைகளை ஒவ்வொன்றாகச் செருகினார். ஒவ்வொரு முறையும் துணி கூடவே நகர்ந்தது, முழங்கையால் அழுத்திக்கொண்டார். சுருட்டி முடித்து, கயிற்றின் ஒரு நுனியைப் பல்லில் கடித்தபடி மறு நுனியைச் சுற்றினார். சமையலறையில் அவள் குழாயைத் திறந்துவிட்டு, கழுவிய பாத்திரத்தையே மறுபடியும் கழுவினாள். கூப்பிட்டால் காதில் விழும் தூரம்தான்.

அவர் கூப்பிடவில்லை. முடிச்சும் விழவில்லை. கொஞ்ச நேரம் கழித்து உறையை அலமாரியின் மேல்தட்டில் வைத்தார். கயிறுகள் இரண்டும் தட்டிலிருந்து தொங்கின.