குனிந்து ஓட்டும் வண்டி

ஐம்பத்திரண்டு வயதில் தனக்கோடி வாங்கியது காலேஜ் பையன்கள் ஓட்டுகிற வண்டி. கனடாவுக்குப் போன பக்கத்து வீட்டு கிரண் வந்த விலைக்குத் தள்ளிவிட்டான் என்பதைத் தவிர அதற்கு வேறு நியாயம் கிடையாது. ஹேண்டில் முட்டிக்குப் பக்கத்தில் கிடக்கும். ஓட்டுகிறவன் பெட்ரோல் டேங்க்மேல் கவிழ்ந்தே ஆக வேண்டும். பெங்களூர் மர்பி டவுனே சிரித்தது. "இன்னாபா, ரேஸுக்கா?" என்று கேட்காத ஆள் டீக்கடையில் இல்லை. மனைவி காந்தாவும் சிரித்தவள்தான். அப்புறம் அவளுக்கு ரத்தத்தில் புற்றுநோய் என்றார்கள். வீட்டில் சிரிப்பு நின்றுபோனது.

வாரா வாரம் ஊசி. ஆட்டோவில் ஏறினால் அவளுக்கு வாந்தி வந்தது, அதனால் வண்டிதான். திரும்பும்போது ஊசியின் மயக்கத்தில் கண் சொக்கும். துப்பட்டாவால் இருவர் இடுப்பையும் சேர்த்துக் கட்டிவிட்டுத்தான் அவன் வண்டியைக் கிளப்புவான். கவிழ்ந்த அவன் முதுகில் ஹெல்மெட்டோடு தலையைச் சாய்த்தால், டிரினிட்டி சர்க்கிள் வருவதற்குள் தூங்கிவிடுவாள். இரவெல்லாம் பாயில் புரண்டும் வராத தூக்கம், அந்தப் பாழாய்ப்போன டிராபிக்கில் வந்தது.

ஆனால் வீட்டு வாசலில் இறங்கி நிமிர்வதற்குள் தனக்கோடிக்கு உயிர் போய் உயிர் வரும். மணிக்கட்டு இரண்டும் மரத்துக் கிடக்கும். காந்தா அதையே பிடித்துக்கொண்டாள்.

"ஹேண்டில மாத்திடுங்க. நீங்களும் படுத்துட்டா யாரு பாக்கறது?"

"எனக்கு ஒண்ணும் இல்லடி."

"அப்ப நேத்து தைலம் தேச்சது யாருக்கு, வண்டிக்கா?"

அல்சூர் மெக்கானிக் ஓஸ்வால்ட், உயரமான ஹேண்டில் ஒன்றை மாட்டிக் கொடுத்தான். பழையதை எறிய மனமில்லாமல் கடைச் சுவரில் தொங்கவிட்டான். தனக்கோடி நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி ஜம்மென்று வீட்டுக்கு வந்தான். இடுப்பு வலி போன இடம் தெரியவில்லை. அவன் நிமிர்ந்து இறங்குவதைப் பார்த்துக் காந்தாவுக்கு அவ்வளவு சந்தோஷம்.

அடுத்த ஊசிக்குப் போய்த் திரும்பும்போது ரிச்மண்ட் ரோடு சிக்னலில் நின்றார்கள். முன்பெல்லாம் கண்ணாடியில் தெரிந்தது அவனுடைய முழங்கை மட்டும்தான். இப்போது ஹேண்டிலோடு கண்ணாடியும் உயர்ந்திருந்தது. தற்செயலாகப் பார்த்தான். காந்தாவின் முகம் தெரிந்தது.

கண் செருகித் தலை பக்கவாட்டில் சரிந்தது. திடுக்கிட்டு நிமிர்ந்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு கண்களை அகல விழித்தாள். மறுபடியும் சரிந்தது. நிமிர்ந்து உட்கார்ந்திருந்த அவன் முதுகு சுவர் மாதிரி நின்றது. தலையை வைத்தால் நழுவியது. தூங்கினால் விழுந்துவிடுவோம் என்ற பயத்தில், அந்த மயக்கத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். அவன் பார்ப்பது தெரிந்ததும் சட்டென்று சிரித்தாள்.

"ஷோக்கா கீது. இப்பத்தான் ஊரையே பாத்துக்கினு வரேன்."

தன் இடுப்பு நிமிர்வதற்கு அவளுடைய தூக்கத்தைப் பிடுங்கிக்கொண்டோமே என்று தனக்கோடிக்குத் தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. பச்சை விழுந்ததுகூடத் தெரியவில்லை. பின்னாலிருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள்.

பழைய ஹேண்டிலையே மாட்டச் சொன்னபோது ஓஸ்வால்ட் தலையைச் சொறிந்தான். "அண்ணா, எல்லாரும் கஷ்டம்னு மாத்துவாங்க. நீ கஷ்டம் வேணும்னு வர்றியே!"

"போடுபா."

மறுவாரம் வண்டியைப் பார்த்ததும் காந்தா இடுப்பில் கை வைத்தாள். "மறுபடியும் ஏன் இந்தப் பேஜாரு?"

"அந்தக் கண்ணாடில உன் மூஞ்சி தெரியுதுடி. பயந்துட்டேன்."

ரொம்ப நாளைக்கு அப்புறம் அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அவனும் சிரித்தான்.

ஆஸ்பத்திரியில் அன்று ஊசி போடவில்லை. டாக்டர் அவனை மட்டும் தனியே கூப்பிட்டு, மெல்லிய குரலில் கன்னடத்தில் சொன்னார். இனி ஊசி வேண்டாம், பயனில்லை, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். வெளியே வந்த அவன் முகத்தைக் காந்தா பார்த்தாள். துப்பட்டாவை அவளே எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

அவன் கட்டினான். கவிழ்ந்தான். முதுகில் அவள் தலை வந்து அமர்ந்தது. மருந்தின் மயக்கம் இல்லாத நாளிலும் அவள் டிரினிட்டி சர்க்கிளுக்குள் தூங்கிப்போனாள். பள்ளம் பார்த்துப் பார்த்து, சைக்கிள்காரனுக்கும் வழிவிட்டு ஓட்டினான். திட்டியவர்கள் திட்டிவிட்டுப் போனார்கள்.

வீட்டு வாசலில் என்ஜினை அணைத்தான். இரண்டு காலையும் தரையில் ஊன்றினான். நிமிர்ந்தால் அவள் விழித்துவிடுவாள். மணிக்கட்டு எரிந்தது, இடுப்பு விண்ணென்று தெறித்தது. அழுதால் முதுகு குலுங்கும் என்று பல்லைக் கடித்து அதையும் அடக்கினான்.

எதிர்வீட்டு வீணா எட்டிப் பார்த்தாள். "இன்னாச்சுண்ணா? இறங்கலயா?"

அவனால் திரும்ப முடியவில்லை. "சத்தம் போடாதம்மா. தூங்கறா."

டீக்கடையில் நின்றவர்கள் பார்த்தார்கள். யாரும் ரேஸுக்கா என்று கேட்கவில்லை. இனி இந்த வண்டியில் அவள் ஏற வேண்டிய வேலை எதுவும் இல்லை. அவளாக எழுந்திருக்கட்டும் என்று தனக்கோடி குனிந்தபடியே இருந்தான்.