எந்தச் சுவர்

எங்கள் பேட்டையில் ஒரு மனையின் அகலம் இருபத்தைந்து அடி. இரும்பாலை ஓடிய காலத்தில் ஆலைக்காரர்கள் ரொட்டி நறுக்குகிற மாதிரி நறுக்கி விற்றார்கள். அதில் இருபத்தோரு அடிக்கு மரவீடு கட்டி, இரண்டு பக்கமும் இரண்டிரண்டு அடி விட்டு, பக்கத்து வீட்டுக்காரன் தும்மினால் இங்கிருந்தே வாழ்த்துச் சொல்லிக்கொண்டு வாழ்ந்தோம்.

1964-இல் நகர சபைக்கு ஞானம் பிறந்தது. இனிமேல் கட்டுகிற வீட்டுக்குப் பக்கத்துக்கு ஏழடி காலியாக விட வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். காற்று வர, வெளிச்சம் வர, தீயணைப்புக்காரன் குழாயை இழுத்துக்கொண்டு ஓட. நல்ல சட்டம்தான். இருபத்தாறு வருஷமாக அதை அளந்துதான் நான் வயிறு கழுவுகிறேன். ஆனால் இருபத்தைந்தில் பதினாலு போனால் மிச்சம் பதினொன்று. பதினோரு அடியில் வீடு கட்டிக் கட்டிலைப் போட்டால், சக்கர நாற்காலி திரும்ப இடம் இருக்காது.

அதனால் பழைய வீடுகளுக்கு ஒரு சலுகை உண்டு. அவை நின்ற இடத்திலேயே நிற்கலாம், பழுதும் பார்க்கலாம். பழைய வெளிச்சுவர்களில் ஒன்றாவது அஸ்திவாரத்தின் மேல் நிற்கிறவரை அது பழைய வீடு. அந்தக் கடைசிச் சுவரும் போய்விட்டால் அது காலி மனை, ஏழடிச் சட்டம் வந்து உட்கார்ந்துகொள்ளும். கட்டிட வேலைக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. பெர்னடீனுக்குத் தெரியாது.

பெர்னடீன் ஹுடாக்கும் அவள் கணவன் எமிலும் நானும் ஒரே வகுப்பு. பிப்ரவரியில் அவர்கள் வீடு எரிந்தது. மின்சாரக் கணப்பிலிருந்து திரைச்சீலையில் தீப் பற்றிவிட்டது. எமிலை அவள்தான் இழுத்து வெளியே போட்டாள். உயிர் மிஞ்சியது, நுரையீரல் மிஞ்சவில்லை. மூக்கில் குழாயோடு அவனை முதியோர் மருத்துவ விடுதியில் கொண்டுபோய் வைத்தார்கள். மார்ச்சில் ஒருநாள் காலை பத்து மணிக்கு அவள் நகர சபையின் கட்டிட அனுமதி அலுவலகத்தில் என் ஜன்னலுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"டேய் லெஸ்டர், அதே எடத்துல கட்டலாமா கூடாதா? அத மட்டும் சொல்லு. உன் சட்டமெல்லாம் என் மண்டையில ஏறாது."

"கட்டலாம். பழுது பாக்கறோம்னு எழுதிக் குடு."

"கரிக்கட்டையா நிக்குது. அதுக்குப் பேரு பழுதா?"

"எங்க பாஷையில அப்படித்தான்."

அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "அவன் அங்க படுத்துக்கிட்டு என்ன கேக்குறான் தெரியுமா? வலிக்கு மருந்து கேக்கல. பாதிரியாரக் கேக்கல. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ, என் ரூம்லயே போய்ச் சேர்றேங்கறான். நானும் சரின்னு வாக்குக் குடுத்துட்டேன்டா."

என் தலைக்கு மேலே ஒரு பலகை தொங்குகிறது. ஊழியர்கள் ஆலோசனை சொல்லக் கூடாது என்று அதில் எழுதியிருக்கும். மீறினால் வேலை போகும். எனக்கு ஓய்வூதியத்துக்குப் பதினாலு மாதம் இருந்தது. நான் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குனிந்தேன்.

"ஒரு சுவரையாவது நிக்க விடுங்க. மொத்தத்தையும் இடிச்சிராதீங்க. அது நின்னா வீடு உங்களுது. நான் சொன்னேன்னு எங்கயும் சொல்லிராத."

"செத்தாலும் சொல்ல மாட்டேன், போடா."

எந்தச் சுவர் என்று நான் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. பின்னால் ஒருவர் கார் கொட்டகைக்கு அனுமதி வாங்க வந்து தொண்டையைச் செருமிக்கொண்டு நின்றார்.

வேலையை அவளுடைய அண்ணன் ஆண்டி எடுத்துக்கொண்டான். ஆலையில் முப்பது வருஷம் உழைத்தவன், வாய் கொஞ்சம் நீளம், கை சுத்தம். ஏப்ரலில் நான் வேறெங்கோ போகிற வழியில் அந்தத் தெரு வழியாகக் காரை விட்டேன். கிழக்குப் பக்கத்து மரச்சுவர் குப்பைத் தொட்டியில் கிடந்தது. பாதி கருகியிருந்தாலும், 1912-இல் எழும்பிய சுவர் அது ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. அதை இடித்துவிட்டு ஆண்டி பின்பக்கத்துச் சமையலறைச் சுவரை நிறுத்தி வைத்திருந்தான். சிமெண்ட் கல் சுவர், ஒரு கீறல் கிடையாது. எவனுக்கு மூளை இருந்தாலும் அதைத்தான் நிறுத்தியிருப்பான்.

அந்தச் சமையலறையை எமிலின் அப்பா 1971-இல், ஆலை விடுமுறையில், யாரிடமும் கேட்காமல் கட்டினார். எனக்கு எப்படித் தெரியும் என்றால், அதற்குச் சிமெண்ட் குழைத்தது நானும் எமிலும். சட்டம் வந்து ஏழு வருஷம் கழித்து, அனுமதி இல்லாமல் எழும்பிய சுவர். சட்டத்தின் கணக்கில் அது சுவரே இல்லை. அது எத்தனை வருஷம் நின்றாலும் பழைய வீட்டைக் காப்பாற்றாது.

நான் காரை நிறுத்தவில்லை. இதைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. நிறுத்தி என்ன செய்ய, சுவர் போனது போனதுதான், யாரும் தோண்டாமல் இருந்தால் சரி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு போய்விட்டேன்.

கோடையில் புது வீட்டின் மரச் சட்டகம் எழும்பியது. எமிலிடம் பெர்னடீன் வாராவாரம் போட்டோ காட்டினாள். கூரை ஏறினதும் அவன் ரூமில் கட்டிலை எந்தப் பக்கம் போடுவது என்று இருவரும் சண்டை போட்டுக்கொண்டார்களாம். ஜன்னல் பக்கம்தான் வேண்டும் என்று அவன் பிடிவாதமாக இருந்தானாம்.

ஆகஸ்டில் புகார் வந்தது. இரண்டு பக்கத்து மனைகளையும் ஒரு கம்பெனி வாங்கி வைத்திருந்தது, நடு மனை மட்டும் அவர்களுக்குக் குறை. அவர்களுடைய வக்கீல் எங்கள் அலுவலகத்திலேயே அந்த வீட்டின் பழைய பதிவு அட்டையைத் தோண்டி எடுத்துவிட்டார். 'பின்கட்டு, 1971, அனுமதி இல்லை.' ஏதோ செத்துப்போன குமாஸ்தாவின் அழகான கையெழுத்து.

விசாரணை செப்டம்பரில், பிற்பகல் இரண்டு மணிக்கு. மேடையில் நகர சபையின் விசாரணைக் குழு, ஐந்து பேர். நான் ஓரத்தில், சத்தியம் செய்துவிட்டு, கோப்போடு உட்கார்ந்திருந்தேன். பெர்னடீன் கோவிலுக்குப் போடுகிற நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். வக்கீல் அட்டையைக் காட்டினார். ஆண்டி கோபத்தில் எதையோ முனகினான், உட்காரச் சொன்னார்கள்.

அந்தக் குழுவின் தலைவி கெட்டவள் இல்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அம்மா, ஒண்ணு கேக்குறேன், நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ஒரு சுவர விட்டா போதும்னு உங்களுக்கு யாரு சொன்னா? எங்க ஆபீஸ்ல யாராவது சொல்லி, அத நம்பி நீங்க கட்டியிருந்தா, அது எங்க தப்பு. உங்களத் தண்டிக்க முடியாது. வேலைய முடிச்சுக்கோங்கன்னு விட்டுருவோம்."

பெர்னடீன் திரும்பி என்னைப் பார்த்தாள். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. நான் என் பேனாவின் மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூடியில் பல் பட்ட தடம் இருந்தது. அது என் பல்தான்.

"யாரும் சொல்லல. நானாத்தான் நெனச்சுக்கிட்டேன்" என்றாள்.

தலைவி என் பக்கம் திரும்பினாள். "மிஸ்டர் விராபெல், நீங்க இதுல ஏதாவது சேக்கணுமா?"

"இல்லைங்க" என்றேன்.

ஐந்து பேரில் நாலு பேர் அவளுக்கு எதிராக ஓட்டுப் போட்டார்கள். முப்பது நாளில் எல்லாவற்றையும் இடித்துவிட வேண்டும் என்று உத்தரவு. இடித்தாயிற்று என்று சான்று எழுத வேண்டியவன் நான்.

அக்டோபர் கடைசியில் போனேன். மனை தட்டையாக, களிமண்ணாகக் கிடந்தது. ஆண்டி வரவில்லை. பெர்னடீன் மட்டும் நின்றாள். அளக்க வேண்டிய அவசியமே இல்லை, ஆனாலும் கை பழக்கம், டேப்பை உருவினேன். மறு முனையை அவளே வந்து பிடித்துக்கொண்டாள். ஏழாவது அடியில் ஒரு முளை, பதினெட்டாவது அடியில் ஒரு முளை அடித்தேன். இரண்டுக்கும் நடுவில் அவள் போய் நின்று கைகளை விரித்துப் பார்த்தாள்.

"அவன் கட்டிலு இப்படித்தான் போட முடியும், இல்ல? ஜன்னலு கால்மாட்டுக்குப் போயிடும்."

"ஏன் பெர்னடீன் சொல்லல? நீ சொல்லியிருந்தா வீடு நின்னிருக்கும்."

"சொல்ல மாட்டேன்னு உனக்கு வாக்குக் குடுத்தேன்." அவள் டேப்பின் முனையை விட்டுவிட்டாள், அது சர்ரென்று என் கைக்குள் ஓடி வந்தது. "உனக்கு வாய் இருந்துச்சேடா. நான் திரும்பிப் பாத்தது எதுக்குன்னு நெனச்ச?"

நவம்பர் பதினோராம் தேதி எமில் விடுதியிலேயே போய்ச் சேர்ந்தான். அவனுடைய கட்டில் கதவுப் பக்கம் இருந்தது.

அடக்கம் முடிந்து கோவில் கீழ்த்தளத்தில் சாப்பாடு. முட்டைக்கோஸ் வதக்கிப் போட்ட நூடுல்ஸ், கொழுப்பு வழிகிற கொத்திறைச்சி, காகிதத் தட்டு. நான் பெர்னடீனுக்கு எதிரே உட்கார்ந்தேன். எழுந்து போகக் கால் வரவில்லை. ஆண்டி குடித்திருந்தான். தங்கையிடம்தான் பாய்ந்தான்.

"ஒரு சுவரு, ஒரு சுவருன்னு குதிச்சியே! எந்த மடப்பய உனக்குச் சொல்லிக் குடுத்தான்? இல்ல, உன் சொந்தப் புத்தியா? சும்மா இருந்திருந்தா நான் விசாரிச்சாவது இருப்பேன். புருஷன வீட்டுக்குக் கூட்டியாரேன்னு சொல்லி அனாதையா சாகடிச்சிட்டியேடி!"

நாற்பது பேர் அவளைப் பார்த்தார்கள். அன்றைக்கு எனக்கு ஓய்வூதியத்துக்கு ஆறு மாதம் பாக்கி.

"என் புத்திதான் அண்ணே" என்றாள் பெர்னடீன்.

பிறகு நூடுல்ஸ் தட்டை எடுத்து என் பக்கம் தள்ளினாள்.

"சாப்பிடு லெஸ்டர். ஆறிப்போகுது."

நான் சாப்பிட்டேன்.