ஊதினவள் துடைக்க வேண்டும்

அக்கா தேர்வு அறையிலிருந்து வெளியே வந்தபோது அவள் மேலுதடு வியர்த்திருந்தது. அப்படியென்றால் நன்றாக வாசித்துவிட்டாள். இசைக்குழுவில் காலியாக இருப்பது ஒரே ஒரு கிளாரினெட் நாற்காலி. கடைசிச் சுற்றில் மிஞ்சியவர்கள் இவர்கள் இரண்டு பேர்தான். தங்கையின் வாத்தியமோ காலையில் கழுத்தறுத்துவிட்டது. இரவெல்லாம் ஜன்னலோரக் குளிரில் கிடந்த மரக்குழலை, கையில் வைத்துச் சூடுகூடப் பண்ணாமல் அவசரத்தில் ஊதித் தொலைத்தாள். வெந்நீர் பட்ட கண்ணாடித் தம்ளர் மாதிரி குழலின் மேல்துண்டு நீளவாக்கில் விரிசல் விட்டது. கிளாரினெட் தொட்டவர்கள் முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்ளும் பாடம் அது.

"அழாத. நான் வாசிச்சு முடிச்சதும் என்னோடதத் தரேன்," என்றாள் அக்கா. எதிராளிக்கு ஆயுதம் கொடுக்க யாருக்கு மனசு வரும்? தங்கைக்கு நன்றியாகவும் இருந்தது, அந்த நன்றி எரிச்சலாகவும் இருந்தது.

சின்ன வயதில் இருவருக்கும் ஒரே கிளாரினெட்தான். சண்டை தாங்காமல் அப்பா போட்ட சட்டமும் ஒன்றே ஒன்று: ஊதினவள் துடைத்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். ஊதும் மூச்சு உள்ளே நீராகத் தேங்கும். சின்ன ஈயக்குண்டு கட்டிய நூலைக் குழலுக்குள் இறக்கி, அதன் வாலில் இருக்கும் துணியை இழுத்தால் காய்ந்துவிடும்.

"வாங்கம்மா, உள்ள காத்துட்டிருக்காங்க. வாத்தியம் மட்டும் போதும், பையெல்லாம் வெளிய," என்று வாசல்காரர் அவசரப்படுத்தினார். அக்கா நீட்டிய கிளாரினெட்டில் தங்கை தன் ஊதுமுனையையும், அதில் கட்டும் ரீட் என்ற நாணல் சீவலையும் மாட்டிக்கொண்டு போனாள்.

திரைக்குப் பின்னால் நடுவர்கள். வாசிப்பவர் முகம் காட்டக்கூடாது, பேசக்கூடாது. அவள் கீழ்க்குரலில் தொடங்கினாள். இந்த வாத்தியத்தின் மூதாதைக்கு இருந்ததே இந்த ஒரு குரல்தான். முன்னூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு கைவினைஞர் பின்பக்கம் துளையிட்டு, இடது கட்டைவிரலால் அழுத்தும் சாவி ஒன்றை வைத்தார். அதை அழுத்தியதும் குரல் ஒரே தாவாக மேலே போனது. தூரத்திலிருந்து கேட்டவர்கள் சின்ன டிரம்பெட் என்று நினைத்தார்களாம். கிளாரினெட் என்ற பெயருக்கே சின்ன டிரம்பெட் என்றுதான் பொருள்.

தங்கை அந்தச் சாவியை அழுத்தினாள். குரல் தாவவில்லை. கொப்பளிக்கிற சத்தம் வந்தது.

துளையில் தண்ணீர். அக்கா துடைக்கவில்லை.

"சரி பண்ணிட்டு முதல்லேருந்து வாசிங்க. இதுதான் கடைசி," என்றது திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

துளையில் வாய் வைத்து உறிஞ்சினாள், ஊதினாள். மெதுவாகச் சாவியை அழுத்திப் பார்த்தாள். அதே கொப்பளிப்பு. மறந்துவிட்டாளா? இருபது வருஷமாக மறக்காதவள் இன்றைக்கு மட்டும் மறப்பாளா? கேட்கவும் முடியாது, கத்தவும் முடியாது. கண்ணில் நீர் முட்டியது.

கதவுக்கு வெளியே வாசல்காரரின் தணிந்த குரல் கேட்டது. "உள்ள எதுவும் குடுக்கக்கூடாதும்மா. குடுத்தா நீங்க வாசிச்சது செல்லாம போயிடும்."

"தெரியும்," என்றாள் அக்கா.

தங்கை கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். திரைக்குப் பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

கதவுக்கடியில் ஏதோ உருண்டு வந்தது. நூலில் கட்டிய அந்தக் குண்டு. தங்கை ஓசைப்படாமல் குனிந்து அதைப் பிடித்தாள். துணி இன்னும் கதவுக்கு அந்தப் பக்கம்தான் இருந்தது. இழுத்தாள். நூல் விறைத்து நின்றது. அந்தப் பக்கம் அக்கா துணியை விடாமல் பிடித்திருந்தாள். விட்டால் தங்கையின் குரல் தாவும், அவள் வாசித்தது செல்லாமல் போகும்.